தாம்பரத்தில் இறங்காத திரை

சத்தம் நின்றுவிட்டால் உங்கள் கை முதலில் எங்கே போகும்? மேடை மேலாளர் வேலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் கேட்கிற கேள்வி இது. “சவுண்ட் மிக்சருக்குப் போகும் மேடம்” என்று டாண் என்று பதில் வரும். சரிதான். பாட்டு நின்றால் பாட்டைப் போடு, மைக் செத்தால் வேறு மைக்கைக் கொடு, இரண்டும் நடக்காவிட்டால் திரையை இழுத்துவிட்டுத் தொகுப்பாளரை முன்னால் தள்ளி ஏதாவது பேச வை. நானும் அப்படித்தான் பழகினேன். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஆண்டு விழா, அரங்கேற்றம், கம்பெனி குடும்ப விழா என்று எத்தனையோ மேடைகளின் ஓரத்தில் நின்று, அரங்கம் ஒரு நொடிகூடச் சும்மா கிடக்கக் கூடாது என்று காவல் காத்தவள் நான். அந்தக் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலத்தைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். இதை எழுதுவதற்குள்ளேயே இரண்டு முறை எழுந்து கூடத்தில் நடந்துவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட சாயங்காலம் அது!

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் லதா மேடம் ஃபோன் செய்தார். தாம்பரம் மேற்கில் பரதநாட்டியப் பள்ளி நடத்துகிறவர். அவருடைய ஆண்டு விழாக்களை எல்லாம் நான்தான் பார்த்துக்கொள்வேன்.

“ஒரு கொரியாக்கார அம்மா இருக்காங்க. நம்ம ஆண்டு விழாவுல ஒரு ஐட்டம் பண்ணணும்னு கேக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமா?”

வந்தார்கள். ஹான் மேடம் என்று நாங்கள் எல்லோரும் பின்னால் கூப்பிட்ட அந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது. கணவர் போன பிறகு, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருக்கும் மகனோடு கூடுவாஞ்சேரியில் வந்து தங்கியிருந்தார். தமிழை மார்க்கெட்டில் கற்றிருந்தார். அதனால் உலகத்தில் உள்ள எல்லாப் பெண்களும் அவருக்கு அக்காதான், என்னையும் சேர்த்து.

என் வீடு பொழிச்சலூரில். தலைக்கு மேலே விமானம் போகும்போது நாங்கள் வாக்கியத்தின் நடுவில் அப்படியே நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். புதிதாக வருகிறவர்கள் கத்திப் பேசி மல்லுக்கட்டுவார்கள். ஹான் மேடம் முதல் விமானத்துக்கே நிறுத்தினார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அது போகிறவரை காத்திருந்து, பிறகு மெதுவாக மூச்சை விட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். யாருடா இந்தம்மா என்று எனக்கு அப்போதே ஒரு ஆர்வம் தொற்றிக்கொண்டது.

பாதித் தமிழ், பாதி ஆங்கிலம், மீதி கை ஜாடை என்று அவர் சொன்ன கதை இதுதான். அவருக்கு ஒரு ஆசிரியை இருந்தார். பெயரை நான் உச்சரித்தால் கொலையாகிவிடும். ஹான் மேடம் சொல்வதுபோல ‘டீச்சர்’ என்றே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் கொரியாவில் நவீன நடனம் என்றால் இரண்டு வழிதானாம். பழைய அரண்மனை ஆட்டங்களுக்குப் புதுப் பட்டுத் துணி சுற்றி ஆடுவது, இல்லாவிட்டால் வெளிநாட்டில் கற்றுவந்ததை அப்படியே ஆடுவது. டீச்சர் இரண்டையும் விட்டார். செத்தவர்களை வழியனுப்ப நீளமான வெள்ளைத் துணியோடு ஆடும் பழைய ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருந்த அலங்காரத்தை எல்லாம் கழற்றிப் போட்டார். பாடலை நீக்கினார். கடைசியில், ஆட்டத்தின் நடுவில் முரசையும் எடுத்துவிட்டார். ஆடுகிறவரின் மூச்சு மட்டும் மிச்சம். அந்த மூச்சிலிருந்துதான் அசைவு எல்லாம் பிறக்க வேண்டும் என்றார்.

சியோலில் அது முதல்முறையாக மேடையேறியபோது, நடுவில் முரசு நின்றது. திரைக் கயிற்றைப் பிடித்திருந்த ஆள் டேப் அறுந்துவிட்டது என்று நினைத்தான். திரையை இறக்கிவிட்டான்.

நம் தொழில்காரன்தான், என்ன சொல்லுங்கள்! நானாக இருந்தாலும் இறக்கியிருப்பேன்.

அவ்வளவுதான். ஆட்டம் பாதியில் முடிந்தது. விமர்சகர்கள் சிரித்தார்கள். டீச்சர் அந்த ஆட்டத்தைத் திரும்ப மேடையேற்றவே இல்லை. தன் மாணவியான ஹானுக்கு மட்டும் முழுவதையும் கற்றுக்கொடுத்துவிட்டு இறந்துபோனார். பின்னால் வந்தவர்கள் மூச்சை வைத்து ஆடிப் பெரிய பெயர் வாங்கினார்கள். அதைத் தொடங்கிவைத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது ஒரு பேராசிரியர் கொரிய நவீன நடனத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு முக்கியமான ஆட்டத்துக்கும் தலைப்பிட்டு, அது எந்த ஊரில் முதலில் அரங்கேறியது என்றும் போடுகிறார். டீச்சருக்கு அதில் ஒரே ஒரு வரிதான். அரங்கேறிய ஊர் என்ற இடத்தில் வெறும் கோடு, ஏனென்றால் முழுசாக அரங்கேறவே இல்லையே. ஹான் மேடம் அவருக்கு எழுதிக் கெஞ்சியிருக்கிறார். “நான் பார்க்காததை, யாருமே முழுசாகப் பார்க்காததை எப்படி எழுதுவது?” என்று பதில் வந்தது. அந்தப் பேராசிரியர் ஒரு கருத்தரங்குக்காகச் சென்னைக்கு வருகிறார். ஒரு நாள் சாயங்காலம் மட்டும் அவருக்கு ஓய்வு. அன்றைக்கே இரவு விமானம். புத்தகம் அச்சுக்குப் போக இருக்கிறது.

“ஒன் டைம்தான் அக்கா,” என்றார் ஹான் மேடம். “ஃபுல்லா ஆடணும். டீச்சர் புக் உள்ளே வரணும்.”

லதா மேடத்தின் ஆண்டு விழா அதே சாயங்காலம்தான். நான் தேதியைக்கூட யோசிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஒத்திகையில்தான் என் தொழில்புத்தி தலைதூக்கியது. முரசு நிற்கும் இடத்தில் லேசாக ஒரு தம்புரா சுருதியை ஓடவிடலாமே, ஜனங்களுக்குக் குழப்பம் வராதே என்றேன். ஹான் மேடம் என்னை முறைத்த முறைப்பில் தம்புரா தானாகவே தந்தி அறுந்திருக்கும். சரி, முன்னாலேயே மைக்கில் அறிவித்துவிடலாம், நடுவில் அமைதி வரும், தயவுசெய்து கைதட்டாதீர்கள் என்று? அதற்கும் தலையாட்டினார், வேண்டாம் என்று. “சொன்னா, அவங்க வெயிட் பண்ணுவாங்க. வெயிட் பண்ணக் கூடாது. மூச்சு விடணும்.”

எனக்குக் கோபம் வந்தது. இந்தம்மா ஊருக்கு நாலு நாள் முன்னால் வந்தவர், இங்கே ஜனங்கள் எப்படி என்று எனக்குத் தெரியாதா என்று. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆடிக்காட்டினார்.

முரசு நின்றது. எங்களுக்கு முதுகைக் காட்டி மேடையில் உட்கார்ந்தார். வெள்ளைத் துணி பக்கத்தில் கிடந்தது. ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தோள்கள் மெல்ல ஏறின. இறங்கின. மறுபடி ஏறின. அந்த ஏற்றம் கைக்குப் போனது, கையிலிருந்து துணிக்குப் போனது, துணி தரையைவிட்டு எழுந்தது, துணிக்குப் பின்னாலேயே அவரும் எழுந்தார். ஒரு சத்தம் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய்விட்டது! பக்கத்தில் நின்ற டேவிட், எங்கள் சவுண்ட், லைட் இரண்டையும் பார்த்துக்கொள்கிற பையன், வாயைத் திறந்தபடி நின்றான். அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று கேட்டால் அதற்கு அளவே கிடையாதாம். எண்ணக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை. கடைசியில் ஒரு மூச்சு நெஞ்சு முட்ட நிற்கும். அந்த இடத்தில் டேப்பில் இருக்கும் முரசு ஒரே ஒரு அடி. அது எந்த மூச்சு என்று அன்றன்றைக்கு முதுகைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்து டேவிட்டுக்குச் சைகை கொடுக்க வேண்டியது நான். ஒரு மூச்சு தப்பினால் ஆட்டம் உடைந்துவிடும்.

“பேஜாரா கீதேக்கா,” என்றான் டேவிட். “ஜனங்க டேப் நின்னுக்கிச்சுன்னு விசிலடிப்பாங்க. அப்புறம் சலங்கை?”

சலங்கை! அதை நான் மறந்தே போயிருந்தேன். ஹான் மேடத்துக்கு அடுத்த ஐட்டம் லதா மேடத்தின் சின்னப் பிள்ளைகளுடையது. ஒரு பட்டாளமே சலங்கை கட்டிக்கொண்டு மேடையின் பக்கவாட்டு மறைவில் நிற்கும். ஒரு குழந்தை கால் மாற்றினால் போதும், மூச்சாவது ஒன்றாவது. கழற்றச் சொல்லவும் முடியாது. கட்டி முடிக்கவே அரை யுகம் ஆகும். யோசித்து யோசித்துப் பார்த்து, பிள்ளைகளை எல்லாம் வட்டமாகக் காலை நீட்டி உட்கார வைத்தேன். ஒவ்வொருத்தியும் பக்கத்துப் பிள்ளையின் கணுக்காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். உன் காலை நீ பிடித்தால் ஏமாற்றுவாய், அடுத்தவள் காலைப் பிடித்தால் அவள் அசைந்ததும் நீயே முறைப்பாய் என்று கணக்குப் போட்டேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

இன்னொரு தொல்லை பொன்னாடை. உங்களுக்குத் தெரியும், நம் ஊரில் தலைமை விருந்தினர் எப்போது வருகிறாரோ அப்போதுதான் மரியாதை. ஆட்டம் நடுவில் இருந்தாலும் நிறுத்து, மேடையேற்று, போர்த்து, படம் எடு, நாலு வார்த்தை பேசவிடு. அன்றைய விருந்தினர் முடிச்சூரிலும் கூடுவாஞ்சேரியிலும் மனை விற்கிற ஒரு பெரிய புள்ளி. ஆரம்பத்திலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு முதலிலேயே போர்த்திவிட்டு, ஹான் மேடத்தைப் பிறகு விடுவது என்று திட்டம்.

அவர் வரவில்லை.

பேராசிரியர் வந்துவிட்டார். மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, மடியில் பையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் விமானத்துக்குக் கிளம்ப வேண்டும். இனிமேல் காத்திருக்க முடியாது. போகட்டும் என்று ஹான் மேடத்துக்குக் கையசைத்தேன்.

முரசு அதிர்ந்தது. வெள்ளைத் துணி காற்றில் வளைந்தது. பெற்றோர்கள் பேச்சை நிறுத்திப் பார்க்க ஆரம்பித்தார்கள். எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்த அந்த இடத்தில், முரசு நின்று ஹான் மேடம் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சரியாக அப்போது பின்கதவு திறந்தது. மனைக்காரர் தன் ஆட்களோடு உள்ளே வந்தார்.

எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. முன்வரிசையில் நாலு பேர், ஆட்டம் முடிந்துவிட்டது என்று கைதட்டத் தொடங்கினார்கள். ஃபோட்டோகிராபர் ஃபிளாஷைத் தட்டிக்கொண்டு ஓடினார். தொகுப்பாளர் மைக்கை உதட்டருகே கொண்டுபோய்ப் படியில் காலை வைத்தார். லதா மேடம் பொன்னாடைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாட்டு முடிஞ்சிடுச்சு இல்ல? இப்ப விட்டா சார் கிளம்பிடுவாரு. அவர்தான் ஹாலே வாங்கித் தந்திருக்காரு. ப்ளீஸ்!”

மேடையில் ஹான் மேடத்துக்கு எதுவும் தெரியாது. அவருடைய தோள்கள் ஏறிக்கொண்டிருந்தன. பேராசிரியர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

என் கை திரைக் கயிற்றுக்குப் போகவில்லை என்று பெருமையடிக்க மாட்டேன். கயிறு கையிலேயே இருந்தது. இழுத்தால் சியோலில் நடந்ததுதான் இங்கேயும். மைக்கில் பேசினால் அந்த ஒரு குரலிலேயே எல்லாம் செத்துவிடும். ஓடிப்போய் மனைக்காரரைத் தடுத்தால் அவருடைய ஆட்கள் சத்தம் போடுவார்கள். யோசிக்க நேரமே இல்லை. அப்போதுதான் ஃபோட்டோகிராபர் கண்ணில் பட்டார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த ஒரு விஷயம் மூளையில் பளிச்சென்று வந்தது: படம் எடுக்க முடியாத இடத்தில் யாரும் யாருக்கும் பொன்னாடை போர்த்துவதில்லை.

“டேவிட், மேடம் தலைக்கு மேலே இருக்கற லைட்டை மட்டும் விடு. மிச்சம் எல்லாத்தையும் அணை. மைக்கையும்.”

“அக்கா, சார் நடந்துகினு வர்றாரு! தடுக்கி வுழுந்துடப் போறாரு!”

“அணைடா!”

இருட்டு. நம் ஜனங்கள் கரண்ட் போனால் போடும் அந்த ‘ஓ’ எழுந்தது. எழுந்து, பாதியிலேயே நின்றது. ஏனென்றால் மேடையில் ஒரே ஒரு வெளிச்சம் இருந்தது, அதில் ஒரு முதுகு இருந்தது, அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். தொகுப்பாளர் படியிலேயே உறைந்தார். மனைக்காரர் நடுவழியில், எங்கே கால் வைப்பது என்று தெரியாமல், அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது.

அப்புறம் வந்தது ரயில். அரங்கத்துக்குப் பின்னாலேயே தண்டவாளம். செங்கல்பட்டு வண்டி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு தடதடவென்று போனது. போச்சு என்று நினைத்தேன். ஹான் மேடம் தோளை ஏற்றிய இடத்திலேயே நிறுத்தினார். என் வீட்டில் விமானத்துக்கு நின்றாரே, அதே நிற்றல். ரயில் போகிறவரை மூச்சைப் பிடித்து வைத்திருந்தார். அது தேய்ந்து மறைந்ததும் விட்டார். அந்த மூச்சோடு சேர்ந்து அரங்கமே மூச்சு விட்டது, எனக்குக் காதில் கேட்டது!

துணி எழுந்தது. அவரும் எழுந்தார். மறைவில் பிள்ளைகள் ஒருத்தி காலை ஒருத்தி பிடித்தபடி, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணிகூட ஒலிக்கவில்லை.

அந்த நேரத்தில் மனைக்காரரின் ஆள் ஒருவர் இருட்டில் தடவிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார். “யாரும்மா லைட்ட ஆஃப் பண்ணது? சார் நடுவுல நின்னுகினு கீறாரு, தெரியுதா இல்லியா?” நான் திரும்பவில்லை. திரும்பினால் அந்த மூச்சைத் தவறவிடுவேன். கையை மட்டும் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நிறுத்தினேன். ஹான் மேடத்தின் முதுகு ஏறியது, இறங்கியது. இதுவா? இல்லை. மறுபடி ஏறியது. இதுவா? இல்லை. அப்போதுதான் கவனித்தேன், என் நெஞ்சும் அதே நேரத்தில்தான் ஏறி இறங்குகிறது. அதற்குப் பிறகு பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு மூச்சு வந்து எனக்குள் முட்டி நின்றது.

“இப்போ!”

முரசு விழுந்தது. வெள்ளைத் துணி தலைக்கு மேலே போய் விரிந்தது. லைட்டை எல்லாம் போடச் சொல்லி டேவிட்டின் முதுகில் நானே ஒரு அடி போட்டேன், அவ்வளவு சந்தோஷம். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. லதா மேடம் தட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

பிறகு பயம் வந்தது. மனைக்காரர் நேராக என்னிடம் வந்தார்.

“லைட்டை அணைச்சது யாரு?”

“நான்தான் சார்.”

“எங்கப்பாவைத் தூக்கினு போனப்பகூட நான் ஃபோன்ல பேசிகினுதாம்மா நடந்தேன்,” என்றார். “இப்படி சும்மா நின்னதே இல்ல.” சொல்லிவிட்டு மேடையேறினார். தனக்கு வைத்திருந்த பொன்னாடையை எடுத்து ஹான் மேடத்துக்குக் கொடுத்தார். அதற்காக அவர் மாறிவிட்டார் என்று எழுதமாட்டேன். அடுத்த மாதமே அவருடைய ஆட்கள் தங்கள் கம்பெனி விழாவுக்கு வேறு ஆளைத்தான் பிடித்தார்கள்.

பேராசிரியர் ஹான் மேடத்துக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார், பையை எடுத்துக்கொண்டு காருக்கு ஓடினார். பிடித்ததா, பிடிக்கவில்லையா, எழுதுவாரா, மாட்டாரா, ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே மாதங்கள் போயின. நான் ஓய்வும் பெற்றுவிட்டேன். ஹான் மேடம் எப்போதாவது ஃபோன் செய்வார். நான் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார்.

அதற்குள் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அமைதி என்றாலே கோளாறு என்று நம் தொழில் நம்மைப் பழக்கிவிடுகிறது. பத்தில் ஒன்பது தடவை அது கோளாறுதான். அந்தப் பத்தாவது தடவைக்காகத்தான் உங்களுக்குச் சம்பளம். சத்தம் நின்றால் முதலில் மிக்சரைப் பார்க்காதீர்கள். மேடையில் இருப்பவரின் முதுகைப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹான் மேடம் பொழிச்சலூருக்கு வந்தார். கையில் கனமான ஒரு புத்தகம். அவர் முகத்தைப் பார்த்ததுமே டேவிட்டுக்கு ஃபோன் போட்டேன். பம்மலிலிருந்து பைக்கில் பறந்து வந்துவிட்டான். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஹான் மேடம் பக்கங்களைத் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் நிறுத்தினார். டீச்சருடைய படம், இளம் வயதில், கழுத்தை நிமிர்த்தி. ஒரு வரி இல்லை, ஒரு அத்தியாயமே இருந்தது!

“நம்ம பேரு போட்டுக்கீறாங்களாக்கா?” என்று என் காதைக் கடித்தான் டேவிட். ஹான் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினார். சியோலில் திரையை இறக்கியவனின் பெயரும் இல்லையாம். எங்கள் தொழிலில் அது அப்படித்தான்.

பிறகு ஆட்டத்தின் தலைப்பில் விரலை வைத்தார். விரல் கீழே நகர்ந்தது. அரங்கேறிய ஊர் என்று காட்டினார். முன்பு வெறும் கோடு இருந்த இடம். கட்டம் கட்டமாக மூன்று எழுத்து இருந்தது. எனக்கு அது படிக்கத் தெரியாது. அவர் படிக்க வாயைத் திறந்தார். அதே நேரம் விமானம் ஒன்று தலைக்கு மேல் வந்தது. விரலை எடுக்காமல், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். விமானம் போனது. மூச்சை விட்டார்.

“தாம்பரம்.”